பாடகி வேறு, பிம்பம் வேறு: பிரிட்னி ஸ்பியர்ஸ் வழியாக ஓர் எளிய விளக்கம்

பிடித்த ஒரு பாப் பாடகியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதில் பாதிக்கு மேல் அவருடைய பாட்டோடு சம்பந்தமே இல்லாததாக இருக்கும். யாரைக் காதலித்தார், ஏன் பிரிந்தார், உடம்பு பெருத்துவிட்டாரா, குழந்தையை ஒழுங்காக வளர்க்கிறாரா. இதில் எதையும் அவர் நம்மிடம் வந்து சொல்லியிருக்க மாட்டார். யாரோ படம் எடுத்து, யாரோ தலைப்பு வைத்து, யாரோ விற்று நம்மிடம் வந்து சேர்ந்தவை அவை. இப்படித் துண்டு துண்டாகச் சேர்ந்து நம் மனதில் உருவாகும் அந்த ஆளைத்தான் பொதுப் பிம்பம் என்கிறோம். அவருக்குப் பாடகியின் பெயரும் முகமும் இருக்கும். ஆனால் அவர் பாடகி அல்ல.

அந்தப் பிம்பத்தை விடாமல் பின்தொடர்ந்து, தோண்டி, தீர்ப்பும் சொல்லிக்கொண்டிருப்பதுதான் ஊடகக் கண்காணிப்பு. புகழ் வந்தால் இதெல்லாம் சகஜம்தானே என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. இது தானாக நடப்பதில்லை. இது ஒரு தொழில். இதில் பணம் போட்டவர்கள் உண்டு, ராப்பகலாகத் தெருவில் நின்றவர்கள் உண்டு, லாபம் பார்த்தவர்கள் உண்டு. இந்தத் தொழில் எப்படி இயங்குகிறது என்பதை அமெரிக்கப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் வாழ்க்கையைப் போலத் துலக்கமாகக் காட்டும் இன்னொரு உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. பிம்பம் ஒருவரின் பெயரைக் கெடுப்பதோடு நிற்காமல், நீதிமன்றம் வரை கூடவே போனது அங்கேதான்.

பிம்பத்தை முதலில் செய்தது யார்?

பிரிட்னி 1981-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, லூசியானாவில் கென்ட்வுட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். சிறுமியாக டிஸ்னி தொலைக்காட்சியின் மிக்கி மவுஸ் கிளப் நிகழ்ச்சியில் பாடி ஆடினார். ஜஸ்டின் டிம்பர்லேக், கிறிஸ்டினா அகிலேரா, ரயான் காஸ்லிங் எல்லோரும் அதே மேடையில் வந்த குழந்தைகள்தான். 15 வயதில் ஜைவ் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 1998 இறுதியில் முதல் பாட்டு, 1999 ஜனவரியில் முதல் ஆல்பம். இரண்டும் ஒரே வாரத்தில் பில்போர்டு என்ற அமெரிக்க இசைத் தரவரிசைப் பட்டியல்களின் உச்சிக்குப் போயின. அமெரிக்காவில் மட்டும் அந்த ஆல்பத்துக்கு 1 கோடியே 40 லட்சம் பிரதிகளுக்கான சான்று கிடைத்தது. பாட்டும் ஆல்பமும் உச்சிக்குப் போனபோது அவர் இருபதைத் தொடவில்லை.

ஒரு புதுப் பாடகியை அறிமுகப்படுத்தும்போது குரலும் மெட்டும் மட்டும் போதும் என்று இசை நிறுவனங்கள் நினைப்பதில்லை. ஒரு கதாபாத்திரமும் வேண்டும். பிரிட்னிக்குக் கிடைத்தது ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு கதாபாத்திரங்கள். ஒரு பக்கம் தேவாலயத்துக்குப் போகும், கல்யாணம் வரை காத்திருக்கப்போகும் தெற்கத்திய நல்ல பெண். இன்னொரு பக்கம், வயதுக்கு மீறிய கவர்ச்சியோடு பத்திரிகை அட்டைகளில் நிறுத்தப்பட்ட பெண். முதல் வீடியோவின் பள்ளிச் சீருடை யோசனை தன்னுடையதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே எல்லாமே அவர் மீது திணிக்கப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் 'கன்னி' வேடத்தைத் தன் மேலாளர்களும் விளம்பர ஆட்களும்தான் தூக்கிப் பிடித்தார்கள், தன் உண்மை வாழ்க்கை அப்படி இல்லை என்று 2023-ல் வந்த நினைவுக்குறிப்பு நூலில் அவர் எழுதினார்.

இந்த இரட்டை வேடம் ஏன் அவ்வளவு நன்றாக விற்றது? அதற்குள்ளேயே ஒரு கேள்வி இருந்தது. 'இந்தப் பெண் உண்மையில் எப்படிப்பட்டவள்?' பதில் கிடைத்துவிட்டால் செய்தி முடிந்துபோகும். கேள்வி தொங்கிக்கொண்டே இருந்தால் வாரம் ஒரு செய்தி எழுதலாம். பதின்ம வயதுப் பெண்ணிடம் அவருடைய உடலைப் பற்றியும் அந்தரங்கத்தைப் பற்றியும் வயது வந்த பேட்டியாளர்கள் கேமரா முன்னால் கூச்சமில்லாமல் கேட்டார்கள். அவர் சிரித்துச் சமாளித்தார். அந்தப் பேட்டிகளை இன்று பார்க்கும்போது, அவர் முகத்தைவிடக் கேட்டவர்களின் நிம்மதியான முகங்கள்தான் எனக்குக் கோபத்தைத் தருகின்றன.

பிம்பத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அதைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் கலைஞரின் தரப்பே. ஆனால் வெளியே விட்ட பிறகு அது அவர்கள் கையில் நிற்காது.

கைமாறிய பிம்பம்

காதலர்களாக இருந்த பிரிட்னியும் ஜஸ்டின் டிம்பர்லேக்கும் 2002-ல் பிரிந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த டிம்பர்லேக்கின் ஒரு பாட்டு வீடியோவில், துரோகம் செய்த காதலியாக வருபவர் பிரிட்னியின் சாயலில் இருந்தார். பெயர் எதுவும் சொல்லப்படவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பிரிவுக்கு யார் காரணம் என்று வெளியில் இருந்த யாருக்கும் தெரியாதபோதே, குற்றவாளி யார் என்று முடிவாகிவிட்டது.

2003 நவம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் செய்தியாளர் டயான் சாயர் பிரிட்னியைப் பேட்டி கண்டார். டிம்பர்லேக் அவ்வளவு நொந்துபோக நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற ரீதியில் கேள்விகள் போயின. அதற்குச் சில வாரங்களுக்கு முன், மேரிலாந்து மாநில ஆளுநரின் மனைவி ஒரு கூட்டத்தில், வாய்ப்புக் கிடைத்தால் பிரிட்னியைச் சுட்டுவிடுவேன் என்று பேசியிருந்தார். அது குடும்ப வன்முறையைத் தடுப்பது பற்றிய கூட்டம். சாயர் அதைப் பிரிட்னியிடமே எடுத்துச் சொல்லி, பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரின் கஷ்டம் அது என்று விளக்கமும் கொடுத்தார். பிரிட்னி அழுதார். உலகத்தின் முன்னால் தன்னை உட்கார வைத்துச் சுரண்டியதாகவே உணர்ந்தேன் என்று பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதினார்.

ஊர் உலகத்துக் குழந்தைகளின் ஒழுக்கத்துக்கு 21 வயதுப் பாடகி பொறுப்பு என்று எல்லோரும் எவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டார்கள் பாருங்கள். அதே பாட்டுகளை எழுதியவர்கள், தயாரித்தவர்கள், படமாக்கியவர்கள், விற்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களில் யாரையும் தொலைக்காட்சியில் உட்கார வைத்து இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

படத்துக்கு வெளியே நிற்பவர்கள்

இனி தொழிலுக்கு வருவோம். 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிரபலச் செய்தி இதழ்களின் சந்தை பெருத்தது. அஸ் வீக்லி இதழ் 2002 வாக்கில், நட்சத்திரங்கள் கடையில் சாமான் வாங்குவது, காருக்குப் பெட்ரோல் போடுவது போன்ற சாதாரணப் படங்களுக்கென்றே ஒரு பகுதியை வைத்தது. பார்க்க அப்பாவித்தனமாகத் தெரியும். ஆனால் அதன் விளைவு பெரிது. அதுவரை பெரும்பாலும் விருது விழாவிலோ படப்பிடிப்பிலோதான் பிரபலத்தின் படத்துக்கு மதிப்பு. இப்போது அவர் வீட்டு வாசலைத் தாண்டிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை வந்துவிட்டது.

அதே காலத்தில் டிஜிட்டல் கேமரா மலிவானது. படச்சுருள் கழுவத் தேவையில்லை, எடுத்த சில நிமிடங்களில் அனுப்பிவிடலாம். 2005 இறுதியில் டிஎம்இசட் என்ற பிரபலச் செய்தி இணையதளம் வந்தது. வார இதழ் வாரத்துக்கு ஒருமுறை பசித்தது என்றால், இணையதளம் மணிக்கு ஒருமுறை பசித்தது. புகைப்படப் பயிற்சியே இல்லாதவர்கள்கூட கேமராவும் வண்டியும் இருந்தால் பாப்பராசி, அதாவது பிரபலங்களைத் துரத்திப் படம் எடுத்து விற்பவர்கள், ஆனார்கள். விலையோ எங்கோ போனது. 2008-ல் ஏஞ்சலினா ஜோலி, பிராட் பிட் தம்பதியின் இரட்டைக் குழந்தைகளின் முதல் படங்களுக்கு இரண்டு இதழ்கள் சேர்ந்து 1 கோடியே 40 லட்சம் டாலர் தந்ததாகச் செய்திகள் வந்தன. அந்தப் பணம் நன்கொடைக்குப் போனது. ஆனால் சந்தை எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு இது போதும்.

இந்தச் சந்தையில் சந்தோஷமான படத்தைவிடச் சங்கடமான படத்துக்கு விலை அதிகம். இங்கேதான், என் பார்வையில், முழு விஷயத்தின் மையமும் இருக்கிறது. பாப்பராசி எடுக்கும் படத்தில் பாப்பராசி இருக்க மாட்டார்.

2006 பிப்ரவரியில், மடியில் கைக்குழந்தையோடு பிரிட்னி கார் ஓட்டும் படம் வெளியானது. பொறுப்பில்லாத தாய் என்று நாடே பேசியது. குழந்தையை அப்படி வைத்து ஓட்டுவது ஆபத்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் புகைப்படக்காரர்கள் சூழ்ந்துகொண்டதால் பயந்து அங்கிருந்து தப்பினேன் என்றார் அவர். படத்தில் இருப்பது தாயும் குழந்தையும் ஸ்டியரிங்கும் மட்டும்தான். அவர்களைச் சுற்றி நின்ற கூட்டம் படச்சட்டத்துக்கு வெளியே இருந்தது. அதே ஆண்டு மே மாதம் நியூயார்க்கில், கேமராக்களின் நெரிசலுக்கு நடுவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் தடுமாறினார். குழந்தை விழாமல் பிடித்துக்கொண்டார்கள். அதன்பின் ஒரு உணவகத்தின் ஜன்னலோரம் குழந்தையை அணைத்துக்கொண்டு அவர் அழுவதையும் கண்ணாடி வழியாகப் படம் எடுத்தார்கள். அப்போது அவர் இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார்.

ஆகக் கேமரா அங்கே சும்மா சாட்சியாக நிற்கவில்லை. துரத்தல் பதற்றத்தை உண்டாக்குகிறது, பதற்றம் படமாகிறது, படம் 'இவர் நிலையாக இல்லை' என்ற செய்தியாகிறது, அந்தச் செய்தி மறுநாள் இன்னும் பத்துக் கேமராக்களைக் கூட்டி வருகிறது. இந்தச் சுழற்சியைப் புரிந்துகொண்டால் ஊடகக் கண்காணிப்பில் பெரும்பகுதியைப் புரிந்துகொண்ட மாதிரிதான்.

2007 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு முடிதிருத்தும் நிலையத்துக்குள் போய், தானே கருவியை எடுத்துத் தலையை மழித்துக்கொண்டார். வெளியே கேமராக்கள். சில நாள் கழித்து, பின்தொடர்ந்த ஒரு புகைப்படக்காரரின் காரைக் குடையால் அடித்தார். அந்த இரண்டு காட்சிகளும்தான் பல ஆண்டுகளுக்கு அவருடைய அடையாளம் ஆயின, கேலிப் படங்களாகச் சுற்றின. படச்சட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது? அவருக்கு நெருக்கமான அத்தை ஜனவரியில்தான் இறந்திருந்தார். விவாகரத்து நடந்துகொண்டிருந்தது. குடைச் சம்பவத்தன்று பிள்ளைகளைப் பார்க்கப் போயிருந்தார், பார்க்க விடவில்லை. சிறு வயதிலிருந்து எல்லோரும் தன் உடலை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், முடியை மழித்தது அதற்குத் தான் காட்டிய எதிர்ப்பு என்று பின்னாளில் எழுதினார்.

கிசுகிசு இதழ்கள் மட்டும்தான் இப்படி நடந்துகொண்டன என்று நினைக்க வேண்டாம். 2008 ஜனவரியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் அலுவலகத்தில் ஒரு உள்சுற்றறிக்கை போனது. இனி பிரிட்னி சம்பந்தப்பட்ட ஏறக்குறைய எல்லாமே பெரிய செய்திதான் என்பது அதன் சாரம். அதே மாதம், அந்நிறுவனம் அவருக்கு இரங்கல் செய்தியை முன்கூட்டியே எழுதி வைக்கத் தொடங்கியிருந்ததும் வெளியே தெரிந்தது. அவருக்கு வயது 26. இன்னொரு பக்கம், யாஹூவில் 2005 முதல் 2008 வரை ஒவ்வோர் ஆண்டும் அதிகம் தேடப்பட்ட பெயர் அவருடையது. தேடியவர்கள் புகைப்படக்காரர்கள் அல்ல, நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள்.

பிம்பம் நீதிமன்றத்துக்குப் போனபோது

2008 ஜனவரியில் அவர் இருமுறை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஆம்புலன்ஸின் ஜன்னலில் கேமராவை ஒட்டிவைத்துப் படம் எடுத்தார்கள். பிப்ரவரி 1 அன்று நீதிமன்றம் அவரைக் கன்சர்வேட்டர்ஷிப் என்ற சட்ட ஏற்பாட்டுக்குள் வைத்தது. கலிஃபோர்னியாவில், தன்னையோ தன் சொத்தையோ தானே பார்த்துக்கொள்ள முடியாத வயது வந்தவருக்காக இன்னொருவர் முடிவெடுக்கும் ஏற்பாடு இது. பெரும்பாலும் நினைவாற்றல் இழந்த முதியவர்களுக்குப் பயன்படுவது. பிரிட்னிக்கு அவருடைய தந்தை ஜேமி ஸ்பியர்ஸ் பொறுப்பாளர் ஆனார். தற்காலிகம் என்று தொடங்கியது அதே ஆண்டில் நிரந்தரமானது. தனக்கென ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அவர் முயன்றபோது, அந்த முடிவை எடுக்கும் நிலையில் அவர் இல்லை என்று சொல்லப்பட்டது.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் புது ஆல்பம். அடுத்த ஆண்டு உலகச் சுற்றுப்பயணம். 2012-ல் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் நடுவர். 2013 இறுதியிலிருந்து 2017 இறுதிவரை லாஸ் வேகாஸில் சுமார் 250 நிகழ்ச்சிகள். மேடையில் கோடிக்கணக்கில் சம்பாதிக்கத் தகுதி உள்ளவர், அந்தப் பணத்தைச் செலவழிக்கத் தகுதி இல்லாதவர். அந்த வேகாஸ் நிகழ்ச்சிக்கு வைத்த பெயர் 'பீஸ் ஆஃப் மீ'. எல்லோருக்கும் என்னில் ஒரு துண்டு வேண்டியிருக்கிறது என்று ஊடகத் துரத்தலைக் குறித்து 2007-ல் அவர் பாடிய பாட்டின் பெயர் அது.

இந்த முரண்பாடு 13 ஆண்டுகள் எல்லோர் கண்முன்னும்தான் இருந்தது. ஏன் பெரிதாக யாரும் கேட்கவில்லை? நீதிமன்ற ஆவணங்களில் பல மூடி வைக்கப்பட்டிருந்தன என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். கேள்வி எழும் முன்பே பிம்பம் பதில் சொல்லிவிட்டது. மழித்த தலையும் குடையும் மக்கள் மனதில் பதிந்திருந்ததால், 'அவர் நிலைமை அப்படி, அப்பா பார்த்துக்கொள்கிறார், நல்லதுதான்' என்று உலகம் நிம்மதியாக இருந்தது. துரத்தல் உண்டாக்கிய படங்கள், துரத்தப்பட்டவருக்கு எதிரான சான்றுகளைப் போல நின்றன.

சரி, எப்படி மாறியது? முதலில் ரசிகர்கள். ஃப்ரீ பிரிட்னி (பிரிட்னியை விடுவியுங்கள்) என்ற குரல் பல ஆண்டுகளாகவே மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது. 2019 ஏப்ரலில் இரு ரசிகைகள் நடத்திய ஒரு பாட்காஸ்ட் நிகழ்ச்சிக்குப் பிறகு அது தெருவுக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் தயாரித்த ஆவணப்படம் பழைய பேட்டிகளையும் பாப்பராசி காட்சிகளையும் ஒன்றுசேர்த்துக் காட்டியது. அதே படங்கள்தான், ஆனால் இம்முறை படச்சட்டத்துக்கு வெளியே நின்றவர்களையும் பார்க்க முடிந்தது. சில நாட்களில் டிம்பர்லேக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

2021 ஜூன் 23 அன்று பிரிட்னி தொலைபேசி வழியாக நீதிமன்றத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் பேசினார். விருப்பமில்லாமல் வேலை வாங்கியதை, தனக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து கொடுத்ததை, கருத்தடைச் சாதனத்தை அகற்றக்கூட விடாததைச் சொன்னார். நன்றாக இருக்கிறேன், சந்தோஷமாக இருக்கிறேன் என்று உலகத்திடம் தான் சொல்லிவந்தது பொய் என்றார். நவம்பர் 12 அன்று அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

பாப்பராசிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாமல் இல்லை. இளவரசி டயானா 1997-ல் இறந்த மறுவருடமே கலிஃபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. பிரபலங்களின் பிள்ளைகளைத் துன்புறுத்திப் படம் எடுப்பதற்கு எதிராக 2013-ல் இன்னொன்று வந்தது. இவை படம் எடுக்கும் முறையைத் தண்டிக்கின்றன. பொது இடத்தில் ஒருவர் அழுவதைத் தள்ளி நின்று எடுத்து விற்பதைத் தடுப்பதில்லை.

அதனால் படிப்பவர் கையில் இருப்பது சில எளிய கேள்விகள்தான். இந்தப் படம் எடுத்தபோது அங்கே எத்தனை கேமராக்கள் இருந்தன? 'நெருங்கிய வட்டாரம்' சொன்னதாக வரும் செய்தியில் அந்த வட்டாரத்துக்கு என்ன லாபம்? இதே செயலை ஓர் ஆண் பாடகர் செய்திருந்தால் தலைப்பு எப்படி இருந்திருக்கும்? கடைசிக் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டால், நிறையத் தலைப்புகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

கண்காணிப்பு என்றால் எப்போதும் வெறுப்போடுதான் வரும் என்பதும் இல்லை. பிரிட்னியை விடுவிக்கப் போராடிய ரசிகர்களில் பலர் அதைச் செய்தது அவருடைய இன்ஸ்டாகிராம் பதிவுகளை வரிவரியாக அலசித்தான். எந்த நிறச் சட்டை, எந்தப் பக்கம் பார்த்தார், எழுத்துகளுக்குள் ரகசியச் செய்தி உண்டா என்றெல்லாம். அடிப்படை விஷயத்தில் அவர்கள் சந்தேகம் சரியாகவே இருந்தது. ஆனால் அவர் விடுதலையான பிறகும் அலசல் நிற்கவில்லை. 2023 ஜனவரியில் அவர் தன் இன்ஸ்டாகிராம் கணக்கை எடுத்துவிட்டதும், ஆபத்தில் இருக்கிறாரோ என்று பதறிய சில ரசிகர்கள் காவல்துறையை அழைத்தார்கள். அவர் வீடு வரை போலீஸ் போனது. அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ரசிகர்களை நேசிக்கிறேன், ஆனால் இந்த முறை அளவு மீறிப் போய்விட்டது என்று அதன்பின் அறிக்கை விட்டார். இந்தச் செய்தியை வைத்து ஊடகம் மறுபடியும் தன்னைத் தவறாகக் காட்டுகிறது என்ற வருத்தமும், தன் தனிமையை மதியுங்கள் என்று மக்களிடமும் ரசிகர்களிடமும் கேட்ட வேண்டுகோளும் அந்த அறிக்கையில் இருந்தன.